உன் டைமா, என் டைமா

“காய்ச்சல் விட்டுடுச்சு” என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் சந்தோஷப்பட முடிவதில்லை. சமீபத்தில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒருவர் போனில் தன் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வேறு டிபார்ட்மென்ட், பழக்கமில்லாத மனிதர். நான் எழுந்துபோய் அவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, “கொழந்த ஒண்ணுக்குப் போச்சான்னு கேளுங்க சார்” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். கழன்ற கேஸ் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். அவருக்கு அங்கே நின்றுகொண்டு சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில். என் மனைவி எஸ்தருக்கு இங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குள்ளேயே பாட்டில் மூடி செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் பகல் வேலை. எனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கும் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். எங்களுக்கு ஒரே பெண். ஜெனி, ஆறு வயது. எனக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில், காலையில் பஸ் என்னை இறக்கிவிடும் இடத்தில் எஸ்தர் பிள்ளையோடு நிற்பாள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் வேலைக்கு ஓடுவாள். சாயங்காலம் அதே இடத்தில் நான் பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவேன். இரண்டு பேரும் முழுதாக உட்கார்ந்து பேசுவது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதுதான்.

ஷிப்ட் வேலையில் ஆள் மாறும்போது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பாய்லரில் அடுத்த ஆள் வந்ததும், “எல்லாம் நார்மல்” என்போம். அவர் “சரி” என்பார். முடிந்தது. ஏதாவது கெட்டிருந்தால்தான் பேச்சு நீளும். எங்களை அறியாமல் வீட்டுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. சாப்பிட்டாளா, ஹோம்வொர்க் முடித்தாளா, அவ்வளவுதான் பேச்சு. பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

ஜெனிக்குக் காய்ச்சல் வந்தது அப்படி ஒரு நைட் ஷிப்ட் வாரத்தில். உடம்பு அனலாகக் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று சொல்லி அழுதாள். தெருமுனை கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். அந்த டாக்டர் நல்லவர், பொறுமையாகவே சொன்னார். பாராசிட்டமால் தவிர வேறு மாத்திரை கூடாது, மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மற்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவை உண்டாக்கும். ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள். கஞ்சி, மோர், இளநீர், உப்புக் கரைசல், எது இறங்குகிறதோ அதைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கடைசியாக, “காய்ச்சல் விட்டப்புறம்தான் உஷாரா பாக்கணும். வயிறு வலி, வாந்தி, சோர்வு, யூரின் கம்மியாப் போறது, எது இருந்தாலும் உடனே கூட்டினு வாங்க” என்றார்.

இரண்டு பேருமே காதால் கேட்டோம். ஆனால் பிள்ளை அனலாகக் கிடக்கும்போது, அனல் போன பிறகு என்ன ஆகும் என்று யார் யோசிப்பார்கள்? எங்களுக்கு எதிரி காய்ச்சல். அது போனால் போதும். சர்ச்சில் அதற்காக ஜெபமும் செய்தார்கள்.

காய்ச்சல் போனது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எஸ்தர் முகமே மாறியிருந்தது.

“ஜெனிப்பா, ஜொரம் விட்டுச்சு! நைட் ஃபுல்லா நல்லா தூங்கினா.”

“வேற?”

“வேற இன்னா. எல்லாம் நார்மல்தான்.”

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் இரவெல்லாம் முழித்தவன், அவளும் சோர்ந்திருந்தாள். இரண்டு பேரும் படுத்தோம். நடுவில் எழுந்து வயிறு வலிக்கிறது என்றாள். இத்தனை நாள் சரியாகச் சாப்பிடாத வயிறு, வலிக்கத்தானே செய்யும் என்று ரசம் சாதம் ஊட்டினேன். வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டுப் படுக்க வைத்தேன். மறுபடி தூங்கினாள். தூங்கினால் நல்லதுதானே.

சாயங்காலம் எஸ்தரிடம், “ஜொரம் இல்ல. கொஞ்சம் வாந்தி எடுத்தா. தூங்கினேதான் கீறா” என்றேன். அவள் “சரி” என்றாள். நான் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் என் ஷிப்ட் ஆள் சேகர். “பாப்பாக்கு எப்படி கீது?” என்றான். “விட்டுச்சுப்பா” என்றேன். அவன் எனக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தான். தின்றேன்.

மறுநாள் காலை நான் இறங்கியதும் எஸ்தர் சிரித்துக்கொண்டே ஜெனியின் பாதத்தை எடுத்து என் கன்னத்தில் வைத்தாள். “ஜில்லுனு கீது பாரு. ஜொரம் சுத்தமாப் போச்சு.”

ஜில்லென்றுதான் இருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தக் குளிர்ந்த பாதத்தைத் தொட்டு நானும் என் மனைவியும் நடுரோட்டில் சிரித்தோம். இதைப் படிக்கிற உங்களுக்கு வேறு எது மறந்துபோனாலும், காய்ச்சல் விட்ட பிள்ளையின் கை கால் ஜில்லென்று ஆனால் அது நல்ல சேதி இல்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தேன். படுப்பதற்கு முன்னால் பாத்ரூம் போய்விட்டு வா என்று சொல்வது என் வழக்கம். பாய் நனைந்தால் துவைப்பது நான்தான். சொன்னேன்.

“வரலப்பா.”

“போய் ஒக்காரு, வரும்.”

“நேத்தும் வரல.”

நேற்றா? யோசித்துப் பார்த்தேன். நேற்றுப் பகல் முழுக்க அவள் என்னோடுதான் இருந்தாள். எழுந்து போன மாதிரி ஞாபகம் இல்லை. நான் தூங்கும்போது போயிருக்கலாம். அல்லது இரவில் எஸ்தரோடு போயிருப்பாள். எஸ்தருக்குப் போன் அடித்தேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசினாள்.

“நேத்து நைட் ஜெனி ஒண்ணுக்குப் போனாளா?”

“இல்லியே. பகல்ல உன் டைம்ல போயிருப்பா இல்ல? அதான் வரலன்னு நெனச்சேன்.”

“என் டைம்ல போவல எஸ்தரு. நைட்டு உன் டைம்ல போயிருப்பான்னு நான் நெனச்சேன்.”

அவள் மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவள், “தூக்கினு வா. நான் ரோட்டுக்கு வரேன்” என்றாள்.

இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துக்கொண்ட பிள்ளை ஒரு முழுப் பகலும் ஒரு முழு இரவும் ஒரு சொட்டு யூரின் போகவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஷிப்ட் பார்க்கிற வீட்டில்தான் இப்படி ஒரு கூத்து நடக்கும்.

ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜெனி எங்களோடு பேசிக்கொண்டுதான் வந்தாள். அங்கே இருந்த பெண் டாக்டருக்கு வயது குறைவு. ஜெனியின் விரல் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானது. சின்ன பட்டையைக் கையில் சுற்றி பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“கடைசியா எப்போ யூரின் போனா?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டார், பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு வெளியே வந்து சொன்னார். “பாப்பா ஷாக்ல இருக்கா. ஷாக்னா பயந்துபோறது இல்ல. டெங்குல ரத்தக் குழாய்ல இருந்து தண்ணி மட்டும் வெளிய கசிஞ்சு வயித்துலயும் நெஞ்சுலயும் சேந்துடும். குழாய்க்குள்ள இருக்கிற ரத்தம் கெட்டியாயிடும். உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் முதல்ல குடுக்கும், கை காலுக்குக் குடுக்காது. அதான் ஜில்லுனு இருக்கு. கிட்னிக்கும் போகாது, அதான் யூரின் இல்ல.”

“நல்லா பேசறாளே மேடம்” என்றேன்.

“பேசுவாங்க. அதான் இதுல ஆபத்து. பெரியவங்க ஏமாந்துடுவாங்க.”

பிரஷரில் மேல் எண், கீழ் எண் என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்க வேண்டுமாம். ஜெனிக்கு இரண்டும் நெருங்கி வந்துவிட்டன. இன்னும் நெருங்கினால் நாடியே கிடைக்காது. அடுத்த ஒரு நாள், ஒன்றரை நாள் தாண்டினால் பிழைத்துக்கொள்வாள் என்றார்.

அந்த நேரத்தில் நான் என்ன உணர்ந்தேன் என்று பலர் கேட்டுவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், ஒன்றுமே இல்லை. காட்டின இடத்தில் கையெழுத்து போட்டேன். வராந்தாவில் உட்கார்ந்தேன். சுவரில் டைல்ஸ் ஒன்று கோணலாக ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து போய் டீயும் பன்னும் சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது. இன்னொரு பன்னும் வாங்கினேன். எஸ்தர் என் கையில் இருந்த பன்னைப் பார்த்தாள்.

“ஒனக்கு ஒண்ணுமே இல்லியா? எப்பிடி எறங்குது?”

எப்படி இறங்குகிறது என்று எனக்கும் தெரியவில்லை. மரத்துப்போன பல்லால் மெல்லுகிற மாதிரி மென்றுகொண்டிருந்தேன். எஸ்தர் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பிள்ளையோடு ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். ஆக, ஆஸ்பத்திரியிலும் எங்களுக்கு ஷிப்ட்தான். எஸ்தர் உள்ளே போனால் நான் வெளியே, நான் போனால் அவள். டாக்டரிடம் எங்கள் ஷிப்ட் கதையைச் சொல்லியிருந்தோம். நர்ஸிடம் சொல்லிவைத்திருந்தார் போலிருக்கிறது. அந்த நர்ஸ் கொஞ்சம் கண்டிப்பான பேர்வழி. முதல் தடவை நாங்கள் மாறும்போது எங்கள் இரண்டு பேரையும் வாசலில் நிறுத்தினார்.

“சும்மா எல்லாம் நார்மல்னு சொல்லிட்டுப் போகக் கூடாது. எவ்ளோ குடிச்சா, எவ்ளோ யூரின் போனா, இன்னா கலர்ல போனா, வயிறு வலிச்சுதா, கை கால் சூடா இருந்துச்சா. இதெல்லாம் சொல்லிட்டுதான் மாறணும்.”

கட்டிலுக்கு அடியில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடி வைத்தார். டீ டிகாஷன் நிறத்தில் வந்தால் உடம்பில் தண்ணீர் போதவில்லை, தண்ணீர் நிறத்துக்கு வர வர நல்லது என்றார். நான் அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்கினால் வெடிக்கும் என்று பயந்து பார்க்கிறவனுக்கு, காலி ஜாடியைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ட்ரிப் ஏறியது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்த்தார்கள், விரலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட் அது. அதை வைத்துத்தான் ட்ரிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன். அவனுக்கு ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது. அவன் அப்பா பள்ளிப்பட்டுப் பக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர், வெள்ளை வேட்டி, எப்போதும் ஒரு துண்டு. அவருக்கு ஒரே கவலைதான்.

“நைனா, பாப்பாக்குப் பிளேட்லெட் எவ்ளோ?”

சொன்னேன். உச்சுக் கொட்டினார். “எம்புள்ளைக்கு அதுக்கும் கம்மி நைனா. பப்பாளி எலை சாறு கொண்டாறச் சொல்லிக்கிறேன். ஒனக்கும் ஒரு பங்கு.”

பாட்டில் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. “வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு இந்தக் கசப்ப ஊத்தி இன்னும் வாந்தி எடுக்க வைக்காதீங்க ஐயா. பிளேட்லெட் நம்பரைப் பாத்து பயப்படாதீங்க, ரத்தம் கசியாத வரைக்கும் அது தானா ஏறும். நாங்க பயப்படறது தண்ணி கசியறதுக்குத்தான்” என்றார். பள்ளிப்பட்டுக்காரர் பாட்டிலைத் துண்டில் சுற்றி மறைத்துக்கொண்டார். பிறகு வெளியே போய் அதை அவரே குடித்துவிட்டு வந்ததாக என்னிடம் ரகசியமாகச் சொன்னார். வீணாக்க மனசில்லையாம். அந்த இரண்டு நாளில் எஸ்தர் சிரித்தது, நான் அதைச் சொன்னபோது மட்டும்தான்.

அந்த முதல் நாள் மத்தியானம் என் முறை. ஜெனி கண் மூடியிருந்தாள். நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜில்லென்றே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் என் உள்ளங்கைச் சூடா, அவள் சூடா என்று சந்தேகம் வந்தது. கையை எடுத்துவிட்டு, மறுபடி தொட்டுப் பார்த்தேன். அப்போது அவள், “அப்பா, ஒண்ணுக்கு வருது” என்றாள்.

ஜாடியைப் பிடித்தேன். டீ டிகாஷன் நிறத்தில் கொஞ்சமாக வந்தது. முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு நர்ஸிடம் ஓடினேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். “வருது இல்ல? வரட்டும்” என்றார். நான் வாசலுக்குப் போய் எஸ்தரிடம் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. உள்ளே எதையோ கழற்றி வைத்துவிட்டார்கள், திரும்ப மாட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஜெனியின் கண் இமை வீங்கியது. மூச்சு வேகமாக வாங்கினாள். ட்ரிப்பை மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் ட்ரிப்பைக் கழற்றினால் டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம். எஸ்தர் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, “வேணாம் சிஸ்டர், கழட்டாதீங்க” என்று கெஞ்சினாள். பள்ளிப்பட்டுக்காரர் வேறு, “பணம், டப்பு எதாச்சும் எதிர்பாக்கறாங்களா நைனா?” என்று என் காதைக் கடித்தார்.

டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். “கசிஞ்ச தண்ணி இப்போ தானா குழாய்க்குத் திரும்ப வருது. இந்த நேரத்துல இன்னும் தண்ணி ஏத்தினா நுரையீரல்ல தேங்கிடும். அப்போ ஏத்துனதும் வைத்தியம், இப்போ நிறுத்துறதும் வைத்தியம்தான்.” அதையும் நம்பினோம். நம்புவதைத் தவிர எங்களிடம் வேறு என்ன இருந்தது?

அன்று அவள் ஜாடியை நிறைத்தாள். பிறகு மறுபடி நிறைத்தாள். உடம்பெல்லாம் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகளாகி, அரிக்கிறது என்று சிணுங்கினாள். அது தேறுகிற அறிகுறிதானாம். இட்லி கேட்டாள். பள்ளிப்பட்டுக்காரர் தன் பையனுக்கு வாங்கிய பொட்டலத்தை அப்படியே எங்களிடம் நீட்டிவிட்டு, தான் போய் மறுபடி வரிசையில் நின்றார்.

கம்பெனியில் என் வேலையையும் சேர்த்து சேகர்தான் பார்த்தான். டபுள் டூட்டி பார்த்துவிட்டுக் கண் சிவந்து ஆஸ்பத்திரிக்கும் வந்தான். நன்றி சொல்ல வாயெடுத்தேன். “பேஜாரு பண்ணாத, போய்ப் புள்ளையப் பாரு” என்றான்.

வீட்டுக்கு வந்த அன்றே கொசுப்புழு தேடி சுகாதாரத் துறை ஆட்கள் வந்தார்கள். வாசலில் இருந்த நீல டிரம்மில் ஒன்றும் இல்லை, எஸ்தர் மூடித்தான் வைத்திருந்தாள். ஃபிரிட்ஜைத் திருப்பி, பின்னால் தண்ணீர் வடிகிற தட்டை உருவினார்கள். அதில் புழுக்கள் நெளிந்தன. இப்படி ஒரு தட்டு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் பாருங்கள். இந்தக் கொசு பகலில் கடிக்கும், அதனால் பகலில் தூங்குகிற பிள்ளைக்கும் வலை கட்டுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து எனக்கு மறுபடி நைட் ஷிப்ட் வந்தது. சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் எஸ்தர் வந்ததும் ஜெனியின் கையை அவள் கையில் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் பழகின மாதிரி ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தேன். என்ன குடித்தாள், என்ன சாப்பிட்டாள் என்று சொல்லி முடிப்பதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள். பாதியில் ஓடிப்போய் ஏறினேன். பஸ் நகர்ந்தது.

“அப்பா!”

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஜெனி எஸ்தரின் கையை உதறிவிட்டு, ரோட்டோரமாக நின்று, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

“நான் ஒண்ணுக்குப் போய்ட்டேன்! மூணு வாட்டி!”

பஸ் முழுக்கச் சிரித்தது. பின் சீட்டில் யாரோ கை தட்டினார்கள். வேறு நாளாக இருந்தால் எனக்கு மானம் போயிருக்கும். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அவளைவிடச் சத்தமாகக் கேட்டேன்.

“இன்னா கலரு?”

“தண்ணி கலரு!”

எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தலையை உள்ளே இழுத்து உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு வந்தது. சேகர் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான். பெரியபாளையம் தாண்டும் வரை அழுதுகொண்டே போனேன்.